சோடிப் படம்

குதிரைப் படங்களைப் பற்றிச் சித்தப்பாவுக்கு உறுதியான ஒரு கொள்கை இருந்தது. ஒருவன் தனியாகக் குதிரையில் வந்து, நாலு பேரைச் சுட்டுவிட்டு, தனியாகவே போய்விடுகிற படமெல்லாம் அவருக்குப் படமே இல்லை. இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு சனமாக இருக்க வேண்டும். தொப்பி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன், மற்றவன் இறகு செருகியவனோ சீனச் சமையல்காரனோ. ஒருவனுக்கு மற்றவனைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனாலும் ஏதோ ஒரு இக்கட்டு இருவரையும் ஒரே வழியில் தள்ளிவிட வேண்டும். முதலில் சண்டை பிடிப்பார்கள், பிறகு ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்பார்கள், பிறகு ஒருவன் மற்றவனைக் காப்பாற்றுவான், கடைசியில் பிரிந்து போவார்கள். இந்த வகைக்குச் சோடிப் படம் என்று அவரே பெயர் வைத்திருந்தார்.

நாங்கள் அப்போது கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்த உயரமான கட்டடங்களை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொன்னால், எலிவேற்றர்களில் பாதி எப்போதும் பழுது, மிச்சத்தில் எப்போதும் யாரோ ஒருவரின் சோபா போய்க்கொண்டிருக்கும். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று நான்கு பேர். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தபடியால், ரெலிபோன் கொம்பனியோடு பேசுவதிலிருந்து பல் டொக்டரிடம் அம்மாவின் கடைவாய்ப் பல்லின் வரலாற்றைச் சொல்வது வரைக்கும் எல்லாம் என் தலையில்தான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் சித்தப்பா லைப்ரரியிலிருந்து கொண்டுவந்த வீடியோக் கசெற்றைப் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் இருத்திக்கொள்வார். பேசுவது அவருக்கு விளங்க வேண்டுமே. நான் மொழிபெயர்ப்பேன். ஆனால் எனக்குப் படம் விளங்கினால்தானே.

"நாங்கள் ஆரின்ரை பக்கம் சித்தப்பா?"

"தொப்பி வைச்சவன்ரை பக்கம்."

"ஏன்?"

"அவன்தானே படத்திலை முக்கியமான ஆள்."

தொப்பி வைத்தவர்களில் ஒருவரும் எங்கள் நிறத்தில் இல்லை. எங்கள் நிறத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இறகு செருகிக்கொண்டு குதிரையிலிருந்து விழுந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் விழ விழச் சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். நான் பேய்முழி முழித்துக்கொண்டு இருப்பேன்.

சித்தப்பாவின் அகதி வழக்கு அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. அவருடைய இடது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் கிடையாது. அது கொழும்பில் போனது என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நகம் என்பது குடை மாதிரி எங்கேயாவது விட்டுவிட்டு வரக்கூடிய சாமான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு படம் மட்டும் அவருக்கு அகப்படாமலே இருந்தது. ஒரு பட்டாளத்துக்காரனும், இறகு வைத்த ஒருவனும், பெரிய கோவில் மணி ஒன்றை வண்டியில் ஏற்றிப் பாலைவனத்தைக் கடந்து போகிற கதை. வண்டி கல்லில் ஏறினால் மணி அடிக்கும். அடித்தால் எதிரிக்குக் கேட்கும். சித்தப்பா யாழ்ப்பாணத்தில் தியேட்டரில் அதன் முதல் பாதியைப் பார்த்திருக்கிறார். இடைவேளையில் ரவுணில் ஏதோ கலவரம் என்று சொல்லிச் சனத்தை எழுப்பி அனுப்பிவிட்டார்களாம். மணி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே அவர் கடல் கடந்து வந்துவிட்டார். லைப்ரரித் தட்டில் அந்தப் படத்தின் வெறும் பெட்டி மட்டும் இருந்தது. கசெற் என்றைக்கும் வெளியேதான்.

ஒருநாள் எலிவேற்றருக்குள் அது ஒரு பெண்ணின் கமக்கட்டுக்குள் இருந்தது. எங்களுக்கு இரண்டு மாடி மேலே இருந்தவர். அகன்ற தோள், கட்டையாக வெட்டிய தலைமயிர், ஆஸ்பத்திரி லோன்றியில் வேலை செய்பவர்கள் போடுகிற நீலச் சட்டை. சித்தப்பா என் முதுகில் இடித்தார்.

"கேள் பிள்ளை, உதை எப்ப திருப்பிக் குடுக்கிறா எண்டு."

நான் கேட்டேன். கொடுக்கிற எண்ணம் இல்லை என்றார் அவர். தவணை முடிகிற அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டித் திரும்பவும் எடுத்துவிடுவாராம்.

"ஏனாம்?"

"அவவின்ரை மாமா அதிலை சாகிறாராம்."

அந்தப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன்னுடைய கசெற் மெசின் பழுதாகிவிட்டது, உங்களிடம் நல்ல மெசின் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை என்பது அந்த எலிவேற்றரில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஒருவரிடம் கசெற், மற்றவரிடம் மெசின்.

அந்த ஞாயிறு அவர் வந்தார். கசெற்றைத் தன் கையாலேயே போட்டார். அம்மா வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. படத்தின் நடுவில் ஒரு சண்டை வந்தது. இறகு வைத்த ஒருவன் குதிரையிலிருந்து தலைகீழாக விழுந்தான். சித்தப்பா வழக்கம்போலத் தொடையில் தட்டக் கையைத் தூக்கினார். அந்தப் பெண் எழும்பிப் போய்த் திரையில் விரலை வைத்து, இதுதான் என் மாமா என்றார். கொஞ்ச நேரத்தில் வேறு இறகு வைத்த ஒருவன் பாறையிலிருந்து உருண்டான். அதுவும் மாமாதான். பிறகு ஒருவன் ஆற்றில் விழுந்து மிதந்து போனான். அதுவும் அவரே. கனடாவின் மேற்குப் பக்கத்தில் எங்கேயோ அந்தப் படத்தை எடுத்தபோது ஊராட்களைப் பிடித்து விழவைத்தார்களாம். அவருடைய மாமா நன்றாக விழுவாராம். அதனால் ஒரே நாளில் மூன்று தரம் சாகவிட்டார்களாம். குடும்பத்தில் ஒருவரிடமும் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை, முகம் பார்க்க வேண்டுமென்றால் அவர் செத்துப் போவதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் எல்லாவற்றையும் சித்தப்பாவுக்குச் சொன்னேன். அவருடைய கை தொடைக்கு மேலே தூக்கினபடியே நின்றது.

அந்தப் பெண் கிறீ என்ற சனத்தைச் சேர்ந்தவர். இந்த நாட்டின் பழைய ஆட்கள். நான் அவரை அன்ரி என்றேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வரத் தொடங்கினார். தேத்தண்ணியும் குடித்தார், அதுவும் சீனி கூட. சித்தப்பா அதற்குப் பிறகு விழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாராவது குதிரையிலிருந்து விழுந்தால், "பாவம், ஆரின்ரையோ மாமா," என்பார். எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அப்படியானால் நாங்கள் இப்போது இறகு வைத்தவர்களின் பக்கமா? சித்தப்பாவிடம் கேட்டால், "படத்தைப் பார்," என்றார்.

அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மணிப் படத்தின் கடைசிக் காட்சி அவர்களுக்குள் கொளுத்திப் போட்டது. மணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தபின் பட்டாளத்துக்காரன் தன் குதிரையை மற்றவனிடம் கொடுத்துவிட்டு நடந்து போகிறான். சித்தப்பாவுக்கு அந்த இடத்தில் கண் கலங்கும். அன்ரிக்கு அந்த இடத்தில்தான் கோபம் வரும். அன்ரி ஆங்கிலத்தில் ஏசுவார், சித்தப்பா தமிழில் ஏசுவார், நான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் ஏச்சை மாற்றிக் கொடுப்பேன். சிலவேளை குஷன் பறக்கும். அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளையளைவிட மோசம்," என்று போய்விடுவார்.

பிறகு வழக்கு விழுந்துவிட்டது. சித்தப்பா சொன்னதை விசாரித்தவர்கள் நம்பவில்லையாம். திரும்பிப் போகச் சொன்னார்களாம். அன்றைக்கு வீட்டில் ஒருவரும் ரீவி போடவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த, இதில் அனுபவப்பட்ட ஒருவர் வந்து குரலைத் தணித்துப் பேசினார். இந்த நாட்டுப் பெண் ஒருத்தியைக் கலியாணம் செய்தால் மட்டும்தான் வழி உண்டு என்றார். சித்தப்பா எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார்.

"போய் ஆரிட்டைக் கேக்கிறது? நான் கேக்க மாட்டன் அண்ணை."

அவர் கேட்கவில்லை. அம்மா கேட்டார். அடுத்த நாள் அம்மா பட்டுச் சேலை உடுத்தார். இரண்டு மாடி ஏறுவதற்குப் பட்டுச் சேலை, அதற்கு மேலே சுவெற்றர், கையில் இறால் பொரியல் ஒரு கிண்ணம், மற்றக் கையில் நான். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் எப்படித் தொடங்குவார்களோ அப்படியே தொடங்கினார். அம்மா அப்பா சுகமா, ஊர் எது, சகோதரம் எத்தனை. அன்ரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தம்பியைக் கலியாணம் செய்வீங்களோ எண்டு கேள். சும்மா எண்டு சொல்லு. பேப்பருக்கு எண்டு சொல்லு."

சும்மா என்பதற்கு என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. விளையாட்டுக்கு என்று சொன்னேன். அன்ரி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இறாலைப் பார்த்தார். செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டார்.

"கொழும்பிலை இறங்கின உடனை பிடிப்பினம். முதல்தரம் நகத்தைப் பிடுங்கினதோடை விட்டவை. இந்தமுறை உயிரோடை விடமாட்டினம் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். சொல்லும்போதுதான் நகம் எப்படிப் போனது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் அம்மா என் கையைப் பிடித்து அடுத்ததைச் சொல்லு, அடுத்ததைச் சொல்லு என்று உலுக்கிக்கொண்டிருந்ததால் நின்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

அன்ரி இறால் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: எங்கெங்கிருந்தோ ஆட்கள் இந்த நாட்டுக்குள் வந்தார்கள், இவரை விடட்டுமா அவரை விடட்டுமா என்று என்னுடைய சனத்திடம் ஒருவரும் ஒருக்காலும் கேட்டதில்லை. இப்போதுதான் முதல்முறையாக ஒருவர் வந்து கேட்கிறார், அதுவும் இறால் கொண்டுவந்து. அப்படியென்றால் இந்த ஒருவரை விடலாம் என்றுதான் சொல்லுவேன்.

அம்மாவுக்கு இது தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை.

"என்ன பிள்ளை, ஓமாமோ?"

"ஓமாம்."

நகர மண்டபத்தில் கையெழுத்து வைத்தார்கள். அது போதாது என்றார் அந்த அனுபவப்பட்டவர். சைவக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு சைவக் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாவிட்டால் இமிகிரேசன்காரர் சந்தேகப்படுவார்களாம். ஆகவே எங்கள் வீட்டு ஹோலில் கலியாணம் நடந்தது. அம்மா முதல் வேலையாகச் சாமிப் படங்களை எல்லாம் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தார். சாமிகள் இதைப் பார்க்கக் கூடாதாம். பிறகு அன்ரிக்குச் சேலை கட்டினார், பூ வைத்தார். சித்தப்பாவுக்குத் தலைப்பாகை வைத்தார்கள். தாலிக்கொடிக்குக் கடையில் முலாம் பூசிய கொடி ஒன்று வாங்கியிருந்தார்கள்.

அந்த இடத்தில்தான் அம்மா ஒரு கண்டிப்பான சட்டம் போட்டார். எங்கள் ஆட்களின் தாலிக்கொடியில் இரண்டு முனையையும் சேர்ப்பதற்குச் சுரை என்று சின்னத் திருகு ஒன்று இருக்கும். கலியாணத்தில் மாப்பிள்ளை அதைப் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் பூட்ட வேண்டும்.

"தம்பி சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லும். சுரையைப் பூட்டக் கூடாது. பூட்டினா அது கலியாணம்."

சித்தப்பா கொடியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கமரா மின்னியது. உடனே அம்மா அவருடைய கையிலிருந்து முனைகளை வாங்கித் தானே சுரையைப் பூட்டினார். எந்த நேரமும் ஆட்கள் விசாரிக்க வரலாம், ஆகவே அன்ரி அதைக் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். ஆனால் பூட்டியது அம்மா என்றபடியால் அது கலியாணம் இல்லை. அம்மாவின் மனச்சாட்சி அவ்வளவு கணக்கானது. நான் சுளகு மாதிரிக் காதை விரித்துக் கேட்டும் இதில் எது உண்மை, எது நடிப்பு என்று பிடிபடவில்லை. "இப்ப அன்ரி எனக்குச் சித்தியோ?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்திலை கேட்டா ஓம். வீட்டிலை இல்லை," என்றார் அம்மா.

அன்ரி கீழே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் அறையில்தான் படுத்தார். பெரிய குறட்டை. சித்தப்பா ஹோல் சோபாவில் படுத்தார். அன்ரி புட்டுக் குழைக்கப் பழகினார். அம்மா அன்ரியிடமிருந்து ஒரு ரொட்டி சுடப் பழகினார், அது எங்கள் பொரித்த ரொட்டிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. ஒருநாள் காலையில் பல்கனிக் கதவால் பார்த்தேன். சித்தப்பா தன் இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். அன்ரி அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. என்னைக் கூப்பிடாமல் இவர்கள் எப்படிக் கதைக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

இமிகிரேசன் ஓபிசர் ஒரு மத்தியானம் வந்தார். மெலிந்த மனிதர், சப்பாத்தைக் கழற்றச் சொன்னதில் கொஞ்சம் வெட்கப்பட்டார், ஏனென்றால் காலுறையில் ஓட்டை. அம்மா வடை, பால்தேத்தண்ணி, வாழைப்பழம் என்று அடுக்கினார். அன்ரியின் தலையணை அன்று காலையில் சோபாவுக்குப் போய், பிறகு அம்மாவின் கட்டிலுக்குப் போய், எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாமல் கடைசியில் குளியலறையில் இருந்தது. என்னிடம் ஹலோ மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா கேட்ட கேள்விக்கெல்லாம் பாடமாக்கியதை ஒப்புவித்தார். ஓபிசர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். போகிற போக்கைப் பார்த்தால் சரிவராது என்பது எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். படம் பார்ப்போம் என்றார்கள் இருவரும். என்ன படம்? மணிப் படம் என்றார் சித்தப்பா. அதில் கடைசியில் நண்பனுக்குக் குதிரையைப் பரிசாகக் கொடுப்பான், அதுதான் நல்ல இடம் என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் போனது.

பரிசா என்றார் அன்ரி. அந்தக் குதிரை யாருடையது? படத்தின் தொடக்கத்தில் பட்டாளம் எங்கள் ஆட்களிடம் பிடித்த குதிரைதானே. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் பரிசா?

"திருப்பிக் குடுத்தவனெல்லே! எத்தினை பேர் திருப்பிக் குடுக்கிறான்? சொல்லு பிள்ளை, சொல்லு அவவுக்கு!"

நான் சொன்னேன். அன்ரி பதில் சொன்னார். நான் அதையும் சொன்னேன். சித்தப்பா எழும்பி நின்றார். எனக்கும் வேகம் பிடித்துக்கொண்டது, மூச்சு விடாமல் இரண்டு பக்கமும் மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் நடந்தே போனான், அவனுக்கு என்ன மிச்சம் என்றார் சித்தப்பா. அவனுக்கு முழு நாடும் மிச்சம் என்றார் அன்ரி. அன்ரிக்கு விளங்கப்படுத்தி வேலையில்லை என்றார் சித்தப்பா. இந்த மனிதனுக்கு ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது என்று அன்ரி ஓபிசரிடமே முறைப்பாடு சொன்னார். குஷன் பறந்தது. அது ஓபிசரின் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஓபிசர் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். என்னைப் பார்த்து, இவர்கள் எப்போதும் இப்படியா என்று கேட்டார். ஹலோ மட்டும் சொல்லச் சொல்லியிருந்தது எனக்கு மறந்துபோனது. எப்போதும் இப்படித்தான், ஆனால் குஷன் மென்மையானது என்றேன். அவர் பேனையை மூடிப் பையில் வைத்துவிட்டு, ஒரு வடையைக் கையில் எடுத்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டார். அவர் போனபின் அப்பா சித்தப்பாவை அடிக்கப் போனார். "எல்லாத்தையும் நாசமாக்கிப்போட்டியே!" சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். அன்ரி குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

ஆனால் சித்தப்பாவுக்குப் பேப்பர் கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அம்மா பிள்ளையாரின் வேலை என்றார். குப்புறப் படுக்கவைத்த பிள்ளையாருக்கு அந்தப் பெருந்தன்மை ஏன் வந்தது என்று நான் கேட்டபோது வாயில் ஒரு அடி விழுந்தது. அன்று வீடெல்லாம் சர்க்கரைப் பொங்கல் மணம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா ஒரு புகைப்படத்தை எடுத்துச் சித்தப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கொழும்பில் இருக்கும் நல்ல பிள்ளையாம், தூரத்துச் சொந்தமாம்.

"இனி எல்லாத்தையும் ஒழுங்காக்கி, நல்ல நாள் பாத்துச் செய்வம் தம்பி."

சித்தப்பா பொங்கலைப் பிசைந்துகொண்டே இருந்தார். அன்ரி என் பக்கம் குனிந்து, என்ன கதை என்று கேட்டார். சித்தப்பாவுக்கு உண்மையான கலியாணம் செய்யப் போகிறார்கள் என்றேன். அன்ரி தலையாட்டினார். அப்படியென்றால் நேரம் வந்துவிட்டது என்றார். மேற்கே அவருடைய தாய்க்கு வயது போய்விட்டதாம், போக வேண்டும் என்று முதலே நினைத்திருந்தாராம். சித்தப்பாவிடம் அதை நான்தான் சொன்னேன். அவர், "நல்லது எண்டு சொல்லு," என்றார். பிறகு, "சொல்லாதை," என்றார். நான் எதைச் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் சொன்னேன்.

போகிற நாள் காலையில் அன்ரியின் பெட்டியைச் சித்தப்பா வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார். கீழே ரக்சி வந்து நின்றது. அன்ரி கோட்டைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தார். அம்மா வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். அன்ரி இரண்டு கைகளையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுரையைத் திருகத் தொடங்கினார். தந்ததைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அம்மா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி விழுந்தது. ஓடிப்போய் அன்ரியின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா அப்படி நடுங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை, ஓபிசர் வந்த அன்றைக்குக்கூட.

"வேண்டாம், வேண்டாம். கழட்டாதேங்கோ. கழட்டக் கூடாது எண்டு சொல்லு பிள்ளை."

நான் சொன்னேன். அன்ரிக்கு விளங்கவில்லை. இது சும்மா வாங்கியதுதானே, படத்துக்குத்தானே, அம்மாதானே பூட்டினார், ஏன் கழற்றக் கூடாது என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். எனக்கும் அதே கேள்விகள்தான் இருந்தன. நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அன்ரியின் கைகளை விடாமலே, வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் சித்தப்பா நின்றார்.

"அவன் உயிரோடை இருக்கிறானெல்லோ. அதாலை எண்டு சொல்லு."

எங்கள் ஆட்களில் ஒரு பெண் எப்போது தாலியைக் கழற்றுவாள் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் விளக்கிச் சொல்லியிருப்பேன். கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்: ஏனென்றால் அவர் உயிரோடு இருக்கிறார்.

அன்ரி இன்னொருதரம் சொல்லச் சொன்னார். இன்னொருதரம் சொன்னேன். அவர் மெல்லக் கைகளைக் கீழே இறக்கினார். சுரையை அம்மாவே திரும்ப இறுக்கிவிட்டார். அன்ரி கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, அம்மாவின் தலையைத் தன் தோளோடு அணைத்துப் பிடித்தார். அம்மாவுக்கு அவர் தோள்வரைதான் உயரம். கீழே ரக்சிக்காரன் ஹோர்ன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான்.

அன்ரி அன்றைக்கே போனார், கொடியோடு. கொழும்புப் பிள்ளையின் புகைப்படத்தை அம்மா எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. சித்தப்பாவும் கேட்கவில்லை. தாலி, பேப்பர், கலியாணம் என்ற சொற்களின் அர்த்தமெல்லாம் வளர வளர எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அன்று எனக்கு விளங்காமல் நின்றது வேறொன்று. நான் அந்த வசனத்தை ஆங்கிலத்தில் சொன்னவுடன் சித்தப்பா வாசலில் இருந்த பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, சத்தமாக அழுதார். நான் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய் அவர் முன்னால் நின்றேன். உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதர் ஏன் அழ வேண்டும் என்று யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.